பிள்ளையார் எந்தப் பக்கம்

என் நாட்குறிப்பில் காலை நடைக்கு நான்கு வரிகள் ஒதுக்கியிருக்கிறேன். முதல் வரியில் உள்ளே நுழைந்த நேரம், இரண்டாவதில் வெளியே வந்த நேரம், மூன்றாவதில் உடன் நடந்தவர். நான்காவதில் ‘பிரதட்சணம் 2’ என்று இருக்கும். மழை பெய்தால் ‘1’. பதினோரு வருடமாக இதில் மாற்றம் இல்லை. நான் தாலுகா அலுவலகத்தில் சர்வேயர். அளந்ததை அன்றைக்கே எழுதிவைக்காவிட்டால் எனக்கு ஏதோ கதவைத் திறந்துபோட்டு வந்ததுபோல் இருக்கும்.

நான் நடக்கும் இடம் காரைக்குடியின் விளிம்பில் உள்ள காட்டுப் பூங்கா. முந்திரியும் தைலமரமும் உசிலையும் சூரைமுள்ளும் கலந்த செம்மண் புதர்க்காடு அது. வடக்கு மூலையில், வீடு கட்டக் கல் வெட்டியெடுத்துக் கைவிட்ட செம்புறாங்கல் பள்ளம் ஒன்று உண்டு. சுற்றிலும் கம்பிவேலி, கிழக்கே வாசல், வாசலையொட்டி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே வளையமாக ஒரு நடைபாதை போகிறது. தென்பக்கம் உசில மரத்தடியில் கூரையில்லாத ஒரு பிள்ளையார். வேலி போடுவதற்கு முன்பிருந்தே அவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

வளையத்தை எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆனாலும் வாசலில் நுழைந்ததும் எல்லோருடைய காலும் இடப்புறம் திரும்பி, தெற்கே போய், பிள்ளையாரைத் தாண்டி, மேற்கு, வடக்கு என்று வலமாகத்தான் சுற்றி வரும். சாமி இருக்கும் இடத்தை வேறு எப்படிச் சுற்றுவது? புதிதாக வருபவர்கள்கூட முன்னால் போகிறவர்களைப் பார்த்து அதே பக்கம் திரும்பிவிடுவார்கள்.

என்னோடு நடப்பவர் ஒரு ஆச்சி. வயது அறுபத்து நான்கு. தன் பழைய வீட்டைச் சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாக்கி நடத்துகிறார். சர்க்கரைக்காக நடக்கச் சொன்னது டாக்டர். ஆனால் விடுதிச் சமையல்காரரின் புலம்பலிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் விடுதலை என்பதுதான் அவர் வருவதற்கு உண்மையான காரணம். ஏழு வருடமாக என் மூன்றாவது வரியில் அவர் பெயர்தான். முந்தைய நாள் விடுதிக்கு வந்தவர்கள் என்னென்ன கேட்டார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல இரண்டு சுற்று முடிவதே தெரியாது. ஒரு வெளிநாட்டுக்காரர் முற்றத்தைப் பார்த்துவிட்டு, “கூரை போடக் காசு பத்தவில்லையா?” என்று கேட்டாராம். ஆச்சி, “ஆமா, தூணுக்கே செலவாயிருச்சு” என்றாராம்.

போன வருடம் பூங்காவுக்குள் தடித்த டயர் வைத்த கியர் சைக்கிள்கள் வர ஆரம்பித்தன. முதலில் இரண்டு, பிறகு ஐந்து, கடைசியில் ஒன்பது. அவர்களுக்குத் தலைவர்போல் இருந்தவர் டிராக்டர் உதிரி பாகக் கடை வைத்திருப்பவர். கண்டரமாணிக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் திருக்கோஷ்டியூர் வரை சாலையில் ஓட்டிப்போய் வந்தவர்கள், லாரிகளுக்குப் பயந்து இங்கே வந்துவிட்டார்கள். கல் பள்ளத்தில் சரிந்து இறங்கி மறுபக்கம் ஏறுவதில் அவர்களுக்கு அப்படி ஒரு ஆனந்தம். வளையத்தில் வரும்போது எங்களைப் போலவே வலமாகத்தான் சுற்றி வருவார்கள். அதாவது, எங்களுக்குப் பின்னாலிருந்து.

ஒரு வியாழக்கிழமை, மேற்குத் திருப்பத்தில், பின்னால் மணி அடித்தது. நான் இடப்பக்கம் ஒதுங்கினேன். ஆச்சி வலப்பக்கம் ஒரு அடி வைத்து, மனதை மாற்றி இடப்பக்கம் வந்தார். மணி அடித்தவரும் அதே நேரத்தில் இடப்பக்கம் ஒடித்தார். சைக்கிள் ஆச்சியின் மேல் படவில்லை. ஆச்சிதான் பின்வாங்கிப்போய் ஒரு சூரைமுள் புதரில் உட்கார்ந்துவிட்டார். கீழே ஊன்றிய கை மணிக்கட்டில் பிசகிக்கொண்டது.

ஓட்டி வந்தவர் அந்தக் கடைக்காரரேதான். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து ஆச்சியைத் தூக்கி உட்காரவைத்தார். இடுப்புப் பையிலிருந்து சின்னக் குறடு ஒன்றை எடுத்து, ஆச்சியின் புடவையிலும் முழங்கையிலும் இருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

“ஆச்சி, மணி அடிச்சேனே.”

“அடிச்சீக தம்பி, கேட்டுச்சு. எங்குட்டு ஒதுங்கணும்னு மணி சொல்லுச்சா?”

அவர் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார்.

மறுநாளிலிருந்து ஆச்சி வரவில்லை. என் மூன்றாவது வரி காலியாக இருந்தது. ஐந்தாம் நாள் போன் செய்தேன்.

“கை தேவலையா ஆச்சி?”

“கை தேவலை. ஆனா சைக்கிள் வர்ற பாதைக்கு நான் வரலை சர்வேயரம்மா. முதுகுலயா கண்ணு இருக்கு? மணிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு திக்குங்குது. நேத்து பால்காரன் மணி அடிச்சதுக்குக்கூட ஒதுங்கி நின்னேன், என் வீட்டு வாசலுக்குள்ளயே.”

அன்றைக்கே மனு எழுதினேன். ‘நடைபாதையில் சைக்கிள்களை அனுமதிக்கக் கூடாது’ என்று ஒரு பக்கம். நடப்பவர்கள் இருபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். சைக்கிளா ஆச்சியா என்றால் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

வனத்துறை ரேஞ்சர் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். இங்கே வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தகரக் கொட்டகையில் இரு தரப்பையும் கூப்பிட்டார். எதிரெதிரே பெஞ்சு போட்டு உட்கார்ந்தோம். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு மாதிரியே இருந்தது. ஆச்சி கட்டுப்போட்ட கையோடு காரில் வந்து முன்வரிசையில் அமர்ந்தார்.

“மனுவைப் படிச்சேனுங்க. சைக்கிள் ஓட்டறவங்க என்ன சொல்றீங்க?” என்றார் ரேஞ்சர்.

கடைக்காரர் எழுந்தார். “மேடம், ரோட்டுல போனா லாரிக்காரன் பின்னாடியே ஹாரன் அடிச்சு எங்களப் பள்ளத்துல எறக்குறான்.”

“இங்குட்டு நீங்க எங்களை எறக்குறீக” என்றார் ஆச்சி.

“ஆச்சி, நான் நூத்திரண்டு கிலோ இருந்தேன். இந்தக் கல்லுப் பள்ளத்துல ஏறி எறங்கித்தான் இப்ப எம்பத்தாறு.”

“கொறஞ்ச பதினாறையும் கொண்டாந்து என் மேல வச்சா எப்படி?”

கொட்டகை சிரித்தது. கடைக்காரரும் சிரித்துவிட்டு, “இந்தப் பாதையும் இல்லைன்னா எங்களுக்கு வேற இடமே கெடையாது மேடம்” என்று சொல்லி உட்கார்ந்தார். சிரித்தபடி சொன்னாலும் அவர் குரல் இறங்கிவிட்டது.

நடப்பவர்கள் பக்கம் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருந்தார். அவர் கையை உயர்த்தினார். “முப்பது வருசம் பஸ் ஓட்டியிருக்கேன். சைக்கிள்காரன் கையைக் காட்டித் திரும்பி ஒரு நாளும் நான் பாத்ததில்ல.”

“டிரைவரண்ணே, பஸ்ஸு ஸ்டாப்புல நின்னு நாங்களும் பாத்ததில்ல” என்று எதிர்ப் பெஞ்சிலிருந்து யாரோ சொன்னார்கள்.

பிறகு ரேஞ்சர் என்னைப் பேசச் சொன்னார். நாட்குறிப்பைக் கொண்டுபோயிருந்தேன். சைக்கிளால் யாராவது பதறிய நாட்களில் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைப்பது என் வழக்கம். அந்த வருடம் எட்டுக் குறிப்புகள் இருந்தன. நாள், நேரம், இடம் என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். ஆறாவதை வாசிக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. எட்டிலும் சைக்கிள் பின்னாலிருந்துதான் வந்திருந்தது. எதிரே வந்த சைக்கிளால் ஒருவரும் பதறவில்லை. எதிரே எந்தச் சைக்கிளும் வந்ததே இல்லை.

எழுதிய மனுவுக்கு எதிராகப் பேசுகிறோமே என்று தயக்கமாக இருந்தாலும் அதைச் சொல்லிவிட்டேன். “சைக்கிள் எல்லாம் எதிர்ப்பக்கமா வந்தா தூரத்துலயே தெரியும். ஒதுங்கவும் நேரம் கிடைக்கும்.”

ரேஞ்சரின் முகம் மலர்ந்தது. “நல்ல யோசனைங்க. செலவும் இல்ல. சைக்கிள் மட்டும் வாசல்ல வலது பக்கம் திரும்பிச் சுத்தட்டும். முடிஞ்சுது.”

முடியவில்லை. கடைக்காரர் மெதுவாக எழுந்தார்.

“மேடம், பிள்ளையாரை எங்களை எடமாச் சுத்தச் சொல்றீகளா?”

“சைக்கிள்ல போறப்பவும் அது கணக்குங்களா?”

“ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சு ஓட்டுற சைக்கிளு மேடம். எங்களைப் பாதையவிட்டு வெளிய போகச் சொல்லுங்க, போறோம். இத மட்டும் சொல்லாதீக. நடக்குறவுக வேணா எடமாப் போகட்டும்.”

“யாரு, நானா?” என்றார் ஆச்சி. “தம்பி, நான் நகரத்தார்ல இளையாத்தங்குடிக் கோயிலைச் சேர்ந்தவ. வருசா வருசம் பிள்ளையார் நோன்புக்கு மாவுல ஏத்தின இழையைச் சுடரோட எடுத்துக்கிற கை இது. பிசகினாலும் அதே கைதான்.”

ஓட்டுநர் அண்ணன், “அம்பது வருசமா எந்தச் சாமியையும் எடமாச் சுத்தினதில்ல” என்றார். எதிர்ப் பெஞ்சில் தலைகள் ஆடின. அரை மணி நேரமாக எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பெஞ்சும் இதில் மட்டும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. ரேஞ்சர் எங்கள் இரு தரப்பையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“சரிங்க. சைக்கிளுக்குத் தனித் தடம் விட இடமிருக்கான்னு பார்க்கணும்னா பாதையோட படம் வேணும். அளவோட சரியான படம் எங்கிட்ட இல்ல. சர்வேயரம்மா வரைஞ்சு குடுங்க. அடுத்த ஞாயிறு உக்காருவோம். அதுலயும் வழி தெரியலைன்னா சைக்கிளை நிறுத்தச் சொல்லித்தான் நான் எழுதணும்.”

சனிக்கிழமை காலை முப்பது மீட்டர் டேப்பும் திசைகாட்டியுமாகப் போனேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். கடைக்காரர் தானே வந்து நின்றார்.

“எங்களை வெளிய அனுப்புற படத்துக்கு நானே டேப் பிடிக்கிறேன் பாத்தீகளா?”

“இழுத்துப் பிடிங்க. தொய்வா விட்டா அளவு கூடிரும்.”

“கூடட்டுமே. பாதை நீளமா இருந்தா எல்லாருக்கும் எடம் இருக்குன்னு எழுதிருவாக.”

இழுத்துத்தான் பிடித்தார். எழுபது தடவை டேப்பை நீட்டினோம். பாதையின் நீளம் இரண்டாயிரத்துத் தொண்ணூற்றெட்டு மீட்டர். பிள்ளையார், கல் பள்ளம், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் பாதையிலிருந்து தூரம் எடுத்துக்கொண்டேன். தனித் தடம் விட இடம் இல்லை என்பது அளக்கும்போதே தெரிந்துவிட்டது. புதர் இல்லாத இடமெல்லாம் முந்திரி. கடைக்காரரும் அதைப் பார்த்துவிட்டார். அப்படியும் கடைசிப் பத்து இழுப்பில் டேப்பைத் தொய்ய விடவில்லை.

மாலையில் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தாளை விரித்து வரைந்தேன். வளையம் அழகாக மூடியது. கிளம்பிய புள்ளிக்கும் வந்து சேர்ந்த புள்ளிக்கும் ஒன்றரை மீட்டர்கூட வித்தியாசம் இல்லை. அந்தத் திருப்தியோடு பிள்ளையாரைக் குறித்தேன். அவர் வளையத்துக்கு வெளியே விழுந்தார்.

திசையைத் தப்பாக எழுதியிருப்பேன் என்று குறிப்பைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அழித்துவிட்டு மறுபடி குறித்தேன். மறுபடியும் வெளியேதான், பாதைக்குத் தெற்கே இருபத்திரண்டு மீட்டரில். அப்போதும் நம்பிக்கை வராமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பூங்காவுக்கே போனேன். பாதையில் எங்கள் வழக்கப்படி மேற்கே பார்த்து நின்றேன். உசில மரமும் பிள்ளையாரும் என் இடது கைப்பக்கம் இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து பழைய நாட்குறிப்புகளை எடுத்தேன். ஆறு வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில் அது இருந்தது, என் கையெழுத்திலேயே. ‘மழையில் தென்பாதையை ஓடை அரித்துவிட்டது. பாதையை நாற்பது மீட்டர் உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.’ அதற்கு அடுத்த வரி: ‘பிரதட்சணம் 2.’

பாதை உள்ளே நகர்ந்தபோது பிள்ளையார் நகரவில்லை. எங்கள் காலும் பழைய பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது. பாதையிலிருந்து ஒரு பிரிவு வழியாக இறங்கிப்போய், அவருக்கு நேரே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்ததால், அவர் எந்தக் கைப்பக்கம் இருக்கிறார் என்று ஒருவரும் கவனிக்கவில்லை. மற்றவர்களுக்காவது அது வேலை இல்லை. எனக்கு அதுதான் வேலை. ஊரில் யார் வேலி யார் நிலத்தில் அரை அடி வந்திருக்கிறது என்று சொல்பவள், ஆறு வருடமாக ஒரு நாள் விடாமல் தப்பாக எழுதிவைத்திருக்கிறேன்.

பிள்ளையாரைக் குறிக்காமலே படத்தைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. ரேஞ்சர் பாதையைத்தான் கேட்டிருந்தார். ஆனால் குறிக்காவிட்டால் மறுநாளோடு சைக்கிள் போய்விடும், என் மானம் தப்பும். டேப்பை இழுத்துப் பிடித்த அந்த மனிதரின் முகம் நினைவுக்கு வந்தது. சிவப்பு மையில் பிள்ளையாரை வரைந்து, பக்கத்தில் இருபத்திரண்டு என்று எழுதினேன்.

ஞாயிறு காலை படத்தைக் கொட்டகைத் தூணில் கட்டித் தொங்கவிட்டேன்.

“தனித் தடத்துக்கு எடம் இல்ல” என்றேன். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “ஆனா இன்னொண்ணு சொல்லணும். ஆறு வருசமா ஒரு தப்பு நடக்குது. என் நோட்டுல தினமும் அதை எழுதியும் வச்சிருக்கேன். பிள்ளையார் வளையத்துக்குள்ள இல்ல. வெளிய இருக்காரு.”

ஓட்டுநர் அண்ணன் எழுந்துவந்து படத்தை உற்றுப் பார்த்தார். “அப்ப இத்தனை நாளும் நாம எதைத்தான் சுத்துனோம்?”

“தண்ணித் தொட்டி. மோட்டார் ரூம்.”

“அம்புட்டுத்தானா? ரூமுக்குப் பக்கத்துல இன்னொரு கட்டம் போட்டிருக்கீகளே.”

“கழிப்பறை” என்றேன்.

முதலில் சிரித்தது ரேஞ்சர். பிறகு தகரம் அதிர எல்லோரும் சிரித்தார்கள். ஆச்சி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்து, கட்டுப்போட்ட கையின் விரலால் சிவப்புப் புள்ளியைத் தொட்டார். ஆச்சி அன்றைக்குக் காரில் ஏறிப் போனால் மறுபடி வரமாட்டார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

“நாம போற போக்குல இவரு எந்தக் கைப்பக்கம் சர்வேயரம்மா?”

“இடது கை, ஆச்சி.”

“மாத்திப் போனா?”

“வலது கை.”

ஆச்சி விரலைப் பாதையின் மேல் இடமாக ஒரு சுற்று ஓட்டினார். வாசலில் கிளம்பி, கல் பள்ளம், மேற்குத் திருப்பம், பிள்ளையார், மறுபடி வாசல். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“அதான் ஆறு வருசமா எங்க வீட்டு மோட்டாரு ஒரு நாளும் மக்கர் பண்ணலை. நான் கும்பிட்டது வீண் போகலை.” சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து சொன்னார்: “நாங்க மாத்திப் போறோம். நடக்குறவுக எல்லாம் வலப்பக்கம் திரும்புவோம். பிள்ளையாரு எங்க வலது கைக்கு வந்துருவாரு. சைக்கிளு எதுக்க வரும், நானும் பாத்துக்கிருவேன். வளைவுல மட்டும் கால ஊனி நிக்கணும் தம்பி. மணி அடிக்கக் கூடாது.”

கடைக்காரர் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். “ஆச்சி, நல்ல கைப்பக்கத்தை நீங்க எடுத்துக்கிட்டு எங்களுக்கு எடது கையக் குடுத்துட்டீகளே.”

“பெரிய மனுசி நான் முள்ளுல உக்காந்தேன்ல. உங்களுக்கு வேணும்னா சைக்கிள நிப்பாட்டிட்டு எறங்கி, அவர மட்டும் தனியா மூணு சுத்து சுத்துங்க. அதுவும் ஒடம்பு கொறையத்தான் செய்யும்.”

ரேஞ்சர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். சைக்கிள்கள் வளைவில் மணி அடிக்காமல் கால் ஊன்றி நிற்க வேண்டும், பள்ளத்தில் நடப்பவர்கள் இறங்கக் கூடாது, பாதையில் இரண்டு பேருக்கு மேல் பக்கம் பக்கமாக நடக்கக் கூடாது என்று மூன்று விதி. மூன்றாவது விதியைச் சேர்க்கச் சொன்னவர் ஓட்டுநர் அண்ணன். இத்தனை நாளும் நான்கு பேராகப் பாதையை அடைத்துக்கொண்டு நடந்தவர்களில் அவரும் ஒருவர்.

மறுநாள் திங்கட்கிழமை, ஐந்தே முக்காலுக்கு ஆச்சி வாசலில் நின்றார். இருவரும் உள்ளே நுழைந்தோம். பழக்கத்தில் இருவருமே இடப்பக்கம் திரும்பி, பத்தடி நடந்து, ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம். வலப்பக்கம் போனபோது பழகிய பாதை வேறு ஊர்ப் பாதை மாதிரி இருந்தது. மரங்களின் மறுபக்கத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மேற்குத் திருப்பத்தில் எதிரே சைக்கிள் வருவது எண்பது மீட்டர் தூரத்திலேயே தெரிந்தது. ஆச்சியின் கை என் முழங்கையைப் பிடித்தது. ஆனால் அவர் நிற்கவில்லை. இன்னும் நாலடி வைத்து, கட்டுப்போட்ட கையைப் போக்குவரத்துக் காவலர்போல உயர்த்தினார். கடைக்காரர் பிரேக்கைப் பிடித்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார்.

“போகலாமா ஆச்சி?”

“நான் போனப்பறம் போங்க.”

போனோம். நான்கைந்து அடி தாண்டியதும் ஆச்சி என் முழங்கையை விட்டுவிட்டு, விடுதிக்கு முதல் நாள் வந்த தம்பதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர்கள் ஆட்டுக்கல்லைப் பார்த்து நாற்காலி என்று நினைத்து உட்கார்ந்துவிட்டார்களாம். பிள்ளையார் வந்தபோது வலது பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டு கதையைத் தொடர்ந்தார்.

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் மூன்றாவது வரியை நிரப்பினேன். நான்காவது வரியில் பேனா ‘பி’ வரை எழுதிவிட்டது. அதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ‘சுற்று 2’ என்று எழுதினேன். பழைய ஆறு வருடத்தை நான் திருத்தவில்லை. அந்த ஐப்பசிப் பக்கத்தின் ஓரத்தில் மட்டும், ‘இந்த நாள் முதல் பிரதட்சணம் மோட்டார் அறைக்கு’ என்று சிவப்பு மையில் குறித்து, அந்தத் திங்கட்கிழமையின் தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டேன்.